சுப்பீரியர் ஏரிக்கரையில் கூடாரம்: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பெங்களூரிலிருந்து டெட்ராய்ட்டில் இருக்கும் அக்காவிடம் செல்கிறேன். அவருக்குத் திருமணமான பிறகு நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து எங்கும் போனதில்லை என்பதால், மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய பிக்சர்டு ராக்ஸில் கூடாரம் அடித்துத் தங்க மிகவும் ஆசைப்படுகிறோம்.

ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் 406 மீட்டர் வரை ஆழமும் கொண்ட அந்த ஏரியின் நீர் கோடையின் இறுதியிலும் சில்லென்றே இருக்கும். இரவுக் குளிர் நம் ஊர் மார்கழியைவிடக் கடுமையாகலாம். அதற்கேற்ற ஸ்லீப்பிங் பேக்கை இங்கேயே வாங்குவது நல்லதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

அடுப்புக்கான கேஸ் கேனை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அதை அங்கே வாங்கிக்கொள்வோம். சாப்பாடுதான் பெரிய கவலை. அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டித் தரப்போகிறார். அந்தக் காடுகளில் கருங்கரடிகள் உண்டு. மூடியைத் திறக்காமலே பெருங்காயம் மணக்கும் பாட்டிலைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது என்பதால், அங்கே தங்கியவர்கள் இத்தகைய பண்டங்களை எதில் அடைத்து எங்கே வைத்தீர்கள் என்று விவரமாகச் சொல்ல வேண்டுகிறேன்.

அக்காவுக்கு முழங்கால் வலி இருப்பதால், காரை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஏரியும் கண்ணுக்குத் தெரியும்படி கூடாரம் அடிக்க ஏற்ற இடம் எதுவென்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.