உதவி தேவை: சாண ஈயில் வேறு இனமா? பதிவும் தவறான கட்டத்தில் விழுந்திருக்கிறது

மேய்ச்சல்காரன்:
வடக்கு இங்கிலாந்தில் ஆல்ஸ்டன் ஊருக்கு மேலே உள்ள மேய்ச்சல் நிலத்தில் சென்ற ஞாயிறு எடுத்த படங்கள் இவை. ஈரம் காயாத மாட்டுச் சாணத்தின்மேல் பொன்மயிர் போர்த்திய ஈக்கள் பத்துப் பன்னிரண்டு. அவை மஞ்சள் சாண ஈக்கள், ஸ்கத்தோபேகா ஸ்டெர்கோரேரியா, என்பதில் குழப்பமில்லை. நடுவில் ஒன்று மட்டும் பச்சை கலந்த மங்கல் பழுப்பு, மயிரும் குறைவு. வடக்கத்திய அரிய இனம் என்று நம்பி, உயிரினங்கள் எங்கே கிடைத்தன என்று பதியும் இணையதளத்தில் பதிந்தேன். சரிபார்ப்பவர் ஏற்காமல் நிறுத்திவைத்திருக்கிறார். போதாததற்கு, வரைபடத்தில் புள்ளி நியூகாசிலில் என் வீட்டுக் கூரைமேல் நிற்கிறது! எங்கே பிழை?

குப்பிமேனி:
அது பெண் ஈ, தம்பி. இந்த இனத்தில் ஆண்தான் பொன்னிறம், பெண் மங்கல். இரண்டாவது படத்தில் அதன் முதுகில் ஒரு ஆண் ஏறி உட்கார்ந்திருக்கிறதே! முட்டையிட்டு முடிக்கும்வரை வேறு ஆண் நெருங்காமல் காவல் காக்கும். இதைத்தான் உயிரியலாளர் ஜெஃப்ரி பார்க்கர் சாணமேட்டருகே உட்கார்ந்து கவனித்து, 1970-இல் விந்துப் போட்டி (ஒரே பெண்ணின் முட்டைகளைக் கருவுறச் செய்யப் பல ஆண்களின் விந்து போட்டியிடுவது) பற்றி எழுதினார்.

நுண்ணோக்கி:
பெண் என்பது சரி. ஆனால் ஜோடியை இனத்துக்குச் சாட்சியாக வைக்காதீர்கள், அண்ணா. அந்த ஆண்கள் அவசரக்காரர்கள், எதன்மேலும் தாவும். நிறத்தையும் நம்ப வேண்டாம். உணர்கொம்பைப் பாருங்கள். முழுக்கக் கருப்பாக இருந்து, அதிலிருந்து கிளம்பும் முள்மயிரின் அடிப்பாதி இறகுபோல் நீண்ட மயிர்களோடு இருந்தால் ஸ்டெர்கோரேரியா. இறகு இருந்தும் உணர்கொம்பின் அடிப்பகுதி செம்மையாக இருந்தால் அதே பேரினத்தின் லூட்டாரியாவைச் சந்தேகிக்கலாம். முள்மயிரில் குட்டை மயிர்தான் என்றால் இன்குவினேட்டா போன்றவை. முதுகுப்பக்கப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சரிபார்ப்பவர் என்ன செய்வார், பாவம்!

மேய்ச்சல்காரன்:
பக்கவாட்டில் ஒரு படம் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். உணர்கொம்பு கரிக்கருப்பு, அடியில் இறகு தெரிகிறது. அரிய இனக் கனவு போயிற்று. இவ்வளவு சாதாரண ஈயைப் பதிவதில் பயன் உண்டா?

நுண்ணோக்கி:
கட்டாயம் உண்டு. பரவல் வரைபடங்களைப் பெரும்பாலும் பத்துக் கிலோமீட்டர் சதுரங்களில்தான் வரைகிறார்கள். ஆள் போகாத சதுரம், ஈ இல்லாத சதுரம்போலத் தோன்றும். மேலும், கால்நடைக்குக் கொடுக்கும் ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டின் சாணத்தில் தங்கி இதன் புழுக்களைக் கொல்லும். இன்று நிறைய இருக்கிறது என்று எழுதிவைத்தால்தான் நாளை குறைந்தால் தெரியும்.

குப்பிமேனி:
புள்ளி விஷயம்: மலையில் சிக்னல் இல்லை, வீட்டுக்கு வந்து ஏற்றினீர்கள், கைபேசி வீட்டு இடத்தை எடுத்துக்கொண்டது. சரிதானே? பிரிட்டன் வரைபடத்தை எழுத்துப் பெயருள்ள கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஆல்ஸ்டன் ‘என்ஒய்’ கட்டம், நியூகாசில் ‘என்இஸட்’. பழைய மாவட்ட எல்லைக் கணக்கிலும் கம்பர்லாந்தில் கிடைத்த ஈ நார்தம்பர்லாந்துக்குப் போய்விட்டது. அழித்துவிட்டுப் புதிதாகப் பதியாதீர்கள், இருப்பதையே திருத்துங்கள். கட்டத்தின் எழுத்தோடு ஆறு இலக்க இட எண்ணும் கொடுத்தால் நூறு மீட்டருக்குள் இடம் நிற்கும். தேதி, ஆணா பெண்ணா, எந்த விலங்கின் சாணம் என்பதையும் சேருங்கள்.

மேய்ச்சல்காரன்:
அதேதான், வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே ஏற்றினேன். இனப்பெயர், இடம், படம் மூன்றையும் மாற்றிவிட்டேன். சரிபார்ப்பவர் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த முறை குப்பியில் பிடித்து, பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து, அசையாதபோது முகத்தைப் படமெடுக்கலாம் என்றிருக்கிறேன்.

குப்பிமேனி:
எடுங்கள். குப்பியை வீட்டார் கண்ணில் படாத தட்டில் வையுங்கள்.