அத்தையின் கடல்

அத்தை: (படம்) ஆட்டு ரோமத்தை உருட்டிச் செய்த கடல் படம் முடிந்தது. இன்னும் ஈரம். குறை சொல்பவர்கள் காய்ந்த பிறகு சொல்லுங்கள்.

அண்ணன்: இது நம் ஆட்டு ரோமமா அத்தை? கத்தரித்த அன்று சாணியும் முள்ளுமாக இருந்ததே!

அத்தை: அதேதான். 1 கிலோவை அலசினால் 600 கிராம் மிஞ்சியது. மீதியெல்லாம் பிசுக்கும் மண்ணும்.

சித்தி: மணலுக்கு என்ன சாயம் அண்ணி? அச்சு அசலாக இருக்கிறது.

அத்தை: சாயமே இல்லை. எல்லாம் பழுப்பு ஆட்டின் புண்ணியம். அதன் ரோமத்தில் நுனி வெயிலில் வெளுத்திருந்தது, அது காய்ந்த மணல். அடிப்பக்கம் கருப்பு, அது அலை நனைத்துவிட்டுப் போன மணல்.

நான்: நீலம் அவுரிச் செடியின் சாயம்தானே?

அத்தை: ஆமாம். தொட்டிக்குள் இருக்கும்வரை மஞ்சள்பச்சைதான். வெளியே எடுத்துக் காற்றில் பிடி, கண்ணெதிரே பச்சையாகி நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் கை அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு தடவை முக்கினால் வானம், ஐந்து தடவை முக்கினால் நடுக்கடல்.

நான்: கரையோரம் பச்சையாக இருக்கிறதே?

அத்தை: சாயம் பிடிக்க 100 கிராம் ரோமத்துக்கு 12 கிராம் படிகாரம் போட்டுச் சூடாக்கினேன். செண்டுமல்லியில் மஞ்சள் ஏற்றினேன். அப்புறம் அவுரியில் ஒரே ஒரு முக்கு.

சித்தி: மஞ்சள்தூளே போதுமே, பூ எதற்கு?

நான்: வேண்டாம் சித்தி. மஞ்சள்தூளில் நான் செய்த சூரியன் ஜன்னலோரத்திலேயே அஸ்தமித்துவிட்டது. வெயில் பட்டால் அது நிற்காது.

சித்தி: 😂 சரி, பாறை?

அத்தை: மிச்சமிருந்த செண்டுமல்லிச் சாயத்தில் துரு ஆணி ஊறிய தண்ணீர் ஒரு கரண்டி. பாசி பிடித்த பாறை நிறம் வந்துவிட்டது. துரு கூடினால் ரோமம் சொரசொரத்துப் போகும், பார்த்து விடவேண்டும்.

அண்ணன்: காய்வதற்குள் ஒரு குறை. கடல் ஏன் வலப்பக்கம் சரிகிறது? கப்பல் வந்தால் வழுக்கி விழுந்துவிடும்.

அத்தை: அது என் தப்புதான். வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து உருட்டும்போது ரோமம் ஒன்றோடொன்று பின்னி இறுகும், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வலப்பக்கம் மெல்லிசாகப் பரப்பிவிட்டேன், அங்கே கூடுதலாக இழுத்துக்கொண்டது.

நான்: எனக்கு அந்தச் சரிவு பிடித்திருக்கிறது. படகில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கிறது. நுரை எப்படி வந்தது?

அத்தை: குட்டியின் சுருள் ரோமம். சீவாமல் அப்படியே வைத்து உருட்டினேன்.

அண்ணன்: வெள்ளை ஆட்டுக்கும் ரோமம் வளர்ந்துவிட்டது. எப்போது கத்தரிக்கலாம்?

அத்தை: நாளைக்கே வா. மேகத்துக்குப் போதவில்லை.