‘தொகுப்பு’ போதாது: நாடக இசையிலிருந்து பிறக்கும் கச்சேரிப் படைப்புக்குப் பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாடகத்துக்கு எழுதிய இசையிலிருந்து இசையமைப்பாளரே கச்சேரிக்கென அமைக்கும் படைப்பை (ஆங்கிலத்தில் suite) ‘இசைத் தொகுப்பு’ என்றாலே போதும் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலிபெயர்ப்பும் உதவாது, ‘ஸ்வீட்’ என்று எழுதினால் இனிப்பு என்றுதான் படிப்பார்கள்.

சென்ற ஆண்டு ராயபுரத்தில் எங்கள் வயலின் குழு நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் ‘பேர் கிண்ட்’ நாடக இசையிலிருந்து அமைத்த முதல் படைப்பை (Suite No. 1) வாசித்தபோது, அழைப்பிதழில் ‘தொகுப்பு’ என்றே அச்சிட்டிருந்தோம். நான்கு பகுதிகளும் முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “மிச்சப் பாட்டெல்லாம் எப்போது வாசிப்பீர்கள்?” என்று கேட்டார். அந்தச் சொல் அவரிடம் அப்படித்தான் பேசியிருக்கிறது.

கிரீக் செய்தது தொகுப்பு வேலையன்று. 1876இல் மேடையேறிய இப்சனின் அந்த நாடகத்துக்கு எழுதியவற்றிலிருந்து 1888இல் அவர் நான்கை மட்டும் எடுத்தார். நான்காம் அங்கத்தின் விடியற்காலை முதலில் வருகிறது. மூன்றாம் அங்கத்தில் நிகழும் தாயின் மரணம் அதற்குப் பின் வருகிறது. மீண்டும் நான்காம் அங்கத்தின் நடனம். இரண்டாம் அங்கத்தின் மலையரசன் மண்டபமோ, மேடையில் அதனோடு ஒலித்த கூட்டுக்குரல்களை இழந்து, கருவிகளின் வேகத்தை மட்டும் நம்பிக் கடைசியில் நிற்கிறது. கதையின் வரிசையை அறுத்து இசையின் வரிசையில் கோத்திருக்கிறார். ஆகவே ‘இசைக்கோவை’ என்கிறேன். (திரைத்துறையின் ‘இசைக்கோர்ப்பு’ வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.) நாடகத்திலிருந்து வராத, பாக் (Bach) எழுதிய நடனக் கோவைகளுக்கும் இச்சொல் பொருந்துமாதலால், நாடகத்திலிருந்து வந்ததை ‘அரங்கவழி இசைக்கோவை’ எனலாம்.

‘வழி’ என்பதை விட்டுவிடாதீர்கள். தொல்காப்பியர், முதல்நூலின் வழியே பிறக்கும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கிறார். அங்கே தொகுத்தல் என்பது விரிந்ததைச் சுருக்குவது. அந்தப் பழம்பொருளில் ஐயாவின் சொல் சரியே, ஆனால் இன்று அது திரட்டுவதைத்தான் குறிக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவ், தம் வாழ்நாளில் முழுமையாக மேடையேறாத தம் இசைநாடகம் ஒன்றின் இசைப்பொருளைக் கொண்டு 1928இல் மூன்றாம் சிம்பொனியை எழுதினார். அது கோவையன்று, விரித்தல். இவ்விரண்டையும் அடக்கும் பொதுப்பெயராக ‘வழியிசை’ நிற்கட்டும்.

அடுத்த அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை தங்கசாலை அச்சகத்துக்குப் போகிறது. மறுப்பிருந்தால் அதற்குள் எழுதுங்கள்.