மனக்கணக்கு நன்றாக வருகிறது, எக்ஸ் வந்தால் நின்றுவிடுகிறாள்

சிவதாபுரம் அம்மா:
வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் இருக்கிறோம். வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. மகள் ஏழாம் வகுப்பு, தமிழ் வழி. கூலி, சேதாரம் எல்லாம் பேப்பர் இல்லாமலே போட்டுச் சொல்லிவிடுவாள். 16-ஆம் வாய்ப்பாடு வரை தடுமாற மாட்டாள். ஆனால் இயற்கணிதம் தொடங்கியதிலிருந்து நோட்டைத் திறக்கவே மனசில்லை. 3 எக்ஸ் + 5 = 20 என்று கொடுத்தால், "5 அந்தப் பக்கம் போனால் மைனஸ்" என்கிறாள். ஏன் என்றால் "அப்படித்தாம்மா ரூல்" என்கிறாள். 3 + 4 எக்ஸ் என்பதை 7 எக்ஸ் என்று எழுதி வைக்கிறாள். நான் பத்தாவது வரை படித்தேன், எனக்கும் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். டியூஷனில் சேர்த்தால் சரியாகுமா? இவளுக்குக் கணக்கு வராது என்று யாராவது முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மாணவி:
அக்கா, அந்த 7 எக்ஸுக்கு மட்டும் சொல்கிறேன். எக்ஸ் இடத்தில் 2 போடச் சொல்லுங்கள். 3 + 4 × 2 = 11. ஆனால் 7 × 2 = 14. இரண்டும் ஒன்றில்லை என்று அவளே பார்த்துவிடுவாள். 1 மட்டும் போட வேண்டாம், இரண்டுக்கும் 7 வந்து ஏமாற்றிவிடும். நான் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். இன்றைக்கும் சந்தேகம் வந்தால் இப்படித்தான் எண் போட்டுப் பார்க்கிறேன்.

ஏற்காடு கணக்கு ஆசிரியர்:
அம்மா, டியூஷன் அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்:

8 + 4 = □ + 5

கட்டத்தில் என்ன வரும் என்று மட்டும் கேளுங்கள். 12 என்று எழுதினால் சிக்கல் எக்ஸில் இல்லை, சமக்குறியில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து 8 + 4 = என்றே பார்த்துப் பழகியதால், அந்தக் குறியைக் கண்டதும் 'இனி விடை எழுது' என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். காபிப் பழம் பறித்த கூலியை மனதிலேயே கூட்டிச் சொல்லும் எஸ்டேட் பிள்ளைகள்கூட என் வகுப்பில் 12 என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. நாம் கொடுத்த கணக்கெல்லாம் அந்த ஒரே வடிவம்தானே! 1557-இல் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்டு இந்தக் குறிக்கு ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை எடுத்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள் இருக்க முடியாது என்று காரணமும் எழுதினார். இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன், பிள்ளைகள் மறப்பதில்லை.

உங்கள் வீட்டில் தட்டுத் தராசு இருக்குமா? ஒரு தட்டில் ஒரே எடையுள்ள நான்கு கொலுசும் 20 கிராம் கல்லும் வையுங்கள். மறு தட்டில் 220 கிராம், முள் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தட்டிலிருந்தும் 20 எடுத்தால் நான்கு கொலுசு 200, ஒன்று 50. இதுதான் 4 எக்ஸ் + 20 = 220. 'அந்தப் பக்கம் போகும்' என்ற பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். எதுவும் எங்கும் போகவில்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுக்கிறோம், அவ்வளவுதான்.

சிவதாபுரம் அம்மா:
நீங்கள் சொன்ன மாதிரியே 12 எழுதினாள் சார்! இப்போது எலக்ட்ரானிக் தராசுதான் புழக்கத்தில் இருக்கிறது. அவள் அப்பா பரணிலிருந்து பழைய தட்டுத் தராசை இறக்கிக் கொடுத்தார். கொலுசு வைத்து, கல்லை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு 3 எக்ஸ் + 5 = 20-க்கு இரண்டு பக்கமும் 5 எடுத்து, 15-ஐ மூன்று பங்காக்கி 5 என்றாள். கட்டத்திலும் 12-ஐ அடித்து 7 போட்டுவிட்டாள். இப்போது அவளே ஒன்று கேட்கிறாள்: 20 − 3 எக்ஸ் = 5 என்றால் தட்டில் எதை வைப்பது?

ஏற்காடு கணக்கு ஆசிரியர்:
அருமையான கேள்வி, அவளிடம் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் 3 எக்ஸ் சேர்க்கட்டும். 20 = 5 + 3 எக்ஸ் ஆகிவிடும், இதைத் தட்டில் வைக்கலாம். விடை வந்ததும் முதல் வரியில் திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். குறை எண்கள் வரும்போது தராசு உதவாது, அப்போது எண்கோடு வரைந்து சொல்லிக் கொடுங்கள். அந்தப் பாடம் வந்ததும் இங்கேயே எழுதுங்கள்.