ஃபாசில் சர்வர்: சின்ன கமிட் போகிறது, பெரிய கோப்புக்கு மட்டும் 413 பிழை

கேட்டவர்:
வணக்கம். சொந்த சர்வரில் ஃபாசில் (கோப்புகளின் பதிப்பு வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறேன். லோக்கல்ஹோஸ்ட் 8080 போர்ட்டில் ஓடுகிறது. முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் கோரிக்கைகளை வாங்கி அனுப்புகிறது, எச்டிடிபிஎஸ்ஸும் அதன் பொறுப்பு. குளோன், புல், சின்ன கமிட் எதிலும் சிக்கல் இல்லை. 6 எம்பி பிடிஎஃப் ஒன்றைச் சேர்த்தால் மட்டும் 413 (கோரிக்கை மிகப் பெரிது) பிழை வந்து, சர்வருக்கு அனுப்பும் புஷ் நின்றுவிடுகிறது. ஃபாசிலின் மேக்ஸ்-அப்லோடு அமைப்பில் அளவைக் குறைத்தும் பயனில்லை.

பதில் 1:
413 ஃபாசில் தருவதல்ல, என்ஜின்எக்ஸ் தருவது. அதன் எர்ரர் லாகில் 'டூ லார்ஜ் பாடி' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஒரு கோரிக்கையின் உடல் 1 எம்பியைத் தாண்டினால் திருப்பி அனுப்புவது அதன் இயல்பு.

மேக்ஸ்-அப்லோடு ஏன் உதவவில்லை என்றால், அது (இயல்பாக 250000 பைட்) பல கோப்புகளைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து அனுப்பத்தான். ஒரே கோப்பை அது துண்டாக்காது. பிடிஎஃப் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, வழியில் பெரிதாகச் சுருங்கவும் செய்யாது. 6 எம்பி அப்படியே ஒரே கோரிக்கையில் போகிறது.

என்ஜின்எக்ஸின் சர்வர் பிளாக்கில் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 32எம் என்று போடுங்கள். 'என்ஜின்எக்ஸ் -டி' கொடுத்துச் சரிபார்த்து ரீலோடு செய்யுங்கள். 0 போட்டால் வரம்பே இருக்காது. பொதுவெளியில் இருக்கும் சர்வரில் அது வேண்டாம். கமிட் உங்கள் கணினியில் பத்திரமாக இருக்கிறது, மறுபடி செய்ய வேண்டாம். வெறும் 'ஃபாசில் புஷ்' போதும்.

பதில் 2:
அந்த பிடிஎஃப் அடிக்கடி மாறுமா? மாறினால் கமிட்டே செய்யாதீர்கள். ஒவ்வொரு பதிப்பும் வரலாற்றில் தங்கி ரெப்போ (வரலாறு முழுதும் இருக்கும் கோப்பு) வீங்கிவிடும், டெல்டாவும் (பதிப்புகளிடையே மாறியதை மட்டும் சேமிப்பது) அதில் அதிகம் மிச்சப்படுத்தாது. அதற்குப் பதில், பதிப்பு வரலாறு வைக்காத 'ஃபாசில் யுவி ஆட்' போட்டு, பிறகு 'ஃபாசில் யுவி சின்க்'. கடைசிப் பதிப்பு மட்டுமே இருக்கும். இப்படி எழுத, சர்வரில் உங்கள் பயனருக்கு 'ஒய்' அனுமதி வேண்டும். 1 எம்பி வரம்பு இதற்கும் பொருந்தும், ஆகவே மேலே சொன்ன மாற்றம் எப்படியும் தேவை.

கேட்டவர்:
நன்றி, 413 போய்விட்டது. இடம் போதாமல் ரெப்போவை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போது பக்கம் தெரிகிறது, புஷ் செய்தால் 'ரீட்ஒன்லி டேட்டாபேஸ்' என்கிறது. கோப்பு ஃபாசில் பயனர் பெயரில்தான் இருக்கிறது, அனுமதி 644 (உரிமையாளர் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும்).

பதில் 1:
கோப்பை விட்டுவிட்டு அது இருக்கும் கோப்புறையைப் பாருங்கள்: 'எல்எஸ் -எல்டி'. ரெப்போ என்பது ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பு. எழுதும்போதெல்லாம் அதே கோப்புறையில் ஜர்னல் என்ற துணைக் கோப்பை உருவாக்கும். புது டிஸ்க்கின் கோப்புறை ரூட் பெயரில் இருந்தால் படிக்க முடியும், எழுத முடியாது. கோப்புறையின் உரிமையாளரையும் ஃபாசில் பயனராக மாற்றுங்கள். ஃபாசிலை ஓட்டும் சிஸ்டம்டி யூனிட்டில் (சேவையின் அமைப்புக் கோப்பு) புரொடெக்ட்சிஸ்டம் 'ஸ்ட்ரிக்ட்' என்று இருந்தால் ரீட்ரைட்பாத்ஸில் புதிய பாதையையும் சேர்த்து, சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கேட்டவர்:
கோப்புறை ரூட் பெயரில்தான் இருந்தது. மாற்றியதும் புஷ் போய்விட்டது. பேக்கப்புக்கு இந்த ஒரே கோப்பை 'சிபி' கட்டளையால் நகல் செய்தால் போதுமா?

பதில் 2:
சர்வர் ஓடும்போது வேண்டாம். பாதி எழுதிய நிலையில் நகல் எடுத்தால் அது கெட்டுப்போகலாம். 'ஃபாசில் பேக்கப்' கட்டளையைக் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) போடுங்கள், சர்வரை நிறுத்தத் தேவையில்லை.