விக்கிப்பீடியாவில் நம்ம மாவட்டம்: எங்கெல்லாம் இடறுது?

தகடூரான், தருமபுரி:
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இடறி விழும் இடம் மக்கள்தொகை. தருமபுரி மாவட்டம் 2001-இல் 28,56,300 பேர், 2011-இல் 15,06,843 பேர். பத்தே வருஷத்தில் பாதி ஜனம் எங்கே போச்சு? எங்கும் போகல. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு, அவ்வளவுதான். 2001 கணக்கையே இன்றைய எல்லைப்படி பிரித்தால் தருமபுரி 12,95,182, கிருஷ்ணகிரி 15,61,118. கூட்டிப் பாருங்க, பழைய எண் அப்படியே வரும். இரண்டு எண்ணுமே அரசுக் கணக்கெடுப்புதான், பொய் இல்லை. எல்லை மாறியதை யாரும் ஒரு வரி எழுதாமல் விட்டால் வாசிப்பவர் தலையில்தான் விடியும்.

இன்னொன்று: 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அதனால் 2021 என்று போட்டு மக்கள்தொகை எங்கே கண்டாலும் அது உத்தேச எண்.

ஓசூர் வாசகி:
தகடூரான் அண்ணா சொன்னதோடு ராஜாஜியையும் சேர்த்துக்கணும். அவர் பிறந்த ஊர் தொரப்பள்ளி எந்த மாவட்டம்? அவர் பிறந்த 1878-இல் சேலம். 1965 அக்டோபர் 2-க்குப் பிறகு தருமபுரி. இப்போ கிருஷ்ணகிரி. மூணுமே சரி என்பதால்தான் இந்த மாதிரி வரியை ஒருத்தர் மாற்ற, அடுத்தவர் திருப்பி மாற்ற என்று இழுத்துக்கிட்டே போகும். ‘அன்றைய சேலம், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று எழுதிட்டா சண்டைக்கு வேலையே இல்லை. கை வைக்கும் முன் அந்த விக்கிக் கட்டுரையோடு இருக்கும் உரையாடல் பக்கத்தைப் படிச்சிடுங்க. காரணம் பெரும்பாலும் அங்கே பேசியிருப்பாங்க.

பென்னாகரம் நூலகர்:
வரிக்குப் பக்கத்தில் மேற்கோள் எண் இருந்தாலே பலர் நம்பிவிடுகிறார்கள். எனக்குக் கவலை அதில்தான். இணைப்பு செத்திருக்கலாம். திறந்தாலும் அந்தத் தகவல் உள்ளே இல்லாமல் போகலாம். மிக மோசமானது, ஆதாரமாகக் காட்டிய செய்தியே விக்கியைப் பார்த்து எழுதியதாக இருப்பது. 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர் கோவாட்டி என்ற விலங்குக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்று ஒரு பட்டப்பெயரைச் சும்மா சேர்த்தார். பத்திரிகைகள் அதை எடுத்தாண்டன. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே விக்கியில் ஆதாரமாக ஏறியது. விஷயம் 2014-இல்தான் வெளியே வந்தது.

இதைப் பிடிக்க வழி உண்டு. கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறங்கள். கைபேசியில் பக்கத்தின் அடியில் கடைசித் திருத்தம் எப்போது என்று இருக்கும், அதைத் தட்டினால் போதும். நடுவிலிருக்கும் ஒரு பழைய பதிப்பைத் திறந்து, சந்தேக வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு முந்தைய பாதியில், இல்லையென்றால் பிந்தைய பாதியில் இதேபோல் நடுவைத் திறந்து தேடுங்கள். 500 திருத்தம் இருந்தாலும் ஒன்பது முறைக்குள் வரி நுழைந்த நாள் சிக்கிவிடும். செய்தி வெளியான தேதி அதற்குப் பிந்தியது என்றால், அதை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். அதைவிடப் பழைய அச்சுப் புத்தகமோ அரசிதழோ தேடுங்கள்.

ஓசூர் வாசகி:
நன்றிங்க சார். பிள்ளைகள் ப்ராஜெக்டில் விக்கி முகவரியை அப்படியே ஒட்டுறாங்களே, அது?

பென்னாகரம் நூலகர்:
அது நாளைக்கே மாறிவிடும்மா. கருவிகள் பட்டியலில் நிலையான இணைப்பு என்று ஒன்று இருக்கும். அதை எடுத்தால் அன்று பார்த்த பதிப்பே எப்போதும் திறக்கும். பக்கத்தில் தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.