7-11 கமிட்டின்னதும் கடைன்னு நெனச்சேன்: ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மீட்டிங்ல உங்களையும் வாசல்லயே நிறுத்திருக்காங்களா?

பே ஏரியா அப்பா:
கலிஃபோர்னியால இருக்கோம். பசங்க கம்மியாயிட்டாங்கன்னு எங்க ஏரியா எலிமென்டரி ஸ்கூலை மூடிட்டாங்க, இப்ப அந்த எடத்தை விக்கிறதா வாடகைக்கு விடுறதான்னு பாக்க 7-11 கமிட்டி போட்டிருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. பெட்ரோல் பங்க் ஓரமா இருக்குற 7-11 கடைக்கும் ஸ்கூலுக்கும் என்ன சம்பந்தம்னு முழிச்சேன். 7 பேருக்குக் கொறையக் கூடாது, 11 பேருக்கு மேல போகக் கூடாதுன்னு எஜுகேஷன் கோட்ல இருக்காம், அதான் பேரு.

திங்கக்கிழமை மீட்டிங்னு கேள்விப்பட்டு ஆபீஸ்லருந்து நேரா போனா வாசல்ல ஒரு அம்மா "இது வெறும் அட்வைஸரி கமிட்டி சார், மெம்பர்ஸ் மட்டும்தான்"னு நிறுத்திட்டாங்க. அஜெண்டா எங்கன்னு கேட்டா உள்ள காரிடார் நோட்டீஸ் பலகைல ஒட்டியிருக்காம், அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒட்டிட்டு கதவைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க, சனி ஞாயிறு அதை யாரு படிப்பா, பல்லியா?

ராத்திரி உக்காந்து பிரவுன் ஆக்ட் படிச்சேன், கலிஃபோர்னியால ஊர் நிர்வாக மீட்டிங்கெல்லாம் ஜனங்களுக்குத் தொறந்திருக்கணும்னு சொல்ற சட்டம். 1952-ல சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் பேப்பர்ல, ஊர் நிர்வாகமெல்லாம் கதவைச் சாத்திட்டுப் பேசுறதப் பத்தி 10 பாகம் தொடர் வந்துச்சாம், அடுத்த வருஷமே சட்டம். அதுல 54952-வது பிரிவு தெளிவா சொல்லுது, ஸ்கூல் போர்டு, அதாவது டிஸ்ட்ரிக்டை நிர்வாகம் பண்ற குழு, தீர்மானம் போட்டு உண்டாக்குன கமிட்டி ஆலோசனை மட்டும் சொன்னாலும் சரி, தற்காலிகமா இருந்தாலும் சரி, சட்டத்துக்குள்ளதான் வரும். 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டா ஜனங்க பாக்குற எடத்துல இருக்கணும். அந்தப் பிரிவு நம்பரோட, நடந்த மீட்டிங்கைத் திருத்தி நடத்துங்கன்னு மெயில் போட்டேன். அஜெண்டா கோளாறுன்னா முடிவெடுத்த 30 நாளுக்குள்ள எழுதியாகணும், தள்ளிப் போட்டா அவ்ளோதான். சண்டை போடவே இல்ல, மறுபடி நடத்துறோம்னு பதில் வந்துச்சு.

சான்டியாகோ மாமி:
உங்க கமிட்டில வெளியாளுங்க இருந்ததால பொழச்சீங்க. எங்க போர்டுல 5 பேரு, அதுல 2 பேரை மட்டும் வச்சு "அட் ஹாக்"னு தற்காலிகக் கமிட்டி ஒண்ணு போட்டாங்க. மெஜாரிட்டிக்குக் கொறைவா போர்டு மெம்பர்ஸ் மட்டும் இருந்தா விதிவிலக்கு உண்டு, சரி. ஆனா இவங்க மூணு வருஷமா ஒவ்வொரு மாசமும் மொதல் புதன்கிழமை கட்டடச் செலவு பேசுறாங்க, அந்தத் தேதியையும் போர்டே முடிவு பண்ணிக் குடுத்திருக்கு, அப்புறம் என்ன அட் ஹாக்கு! தேதி குறிச்சுக் குடுத்தாலோ நிரந்தரமா ஒரு வேலையை ஒப்படைச்சாலோ அது ஸ்டாண்டிங் கமிட்டி, தொறந்துதான் வைக்கணும். போர்டு மீட்டிங்ல ஜனங்க பேசுற பப்ளிக் கமென்ட் நேரத்துல எந்திரிச்சு பழைய மீட்டிங் தேதியெல்லாம் வரிசையா வாசிச்சேன், வேற ஒண்ணும் பேசல. ரெண்டு மாசத்துல தொறந்துட்டாங்க. இன்னொண்ணு, வாசல்ல பேரு எழுதுனாதான் உள்ளன்னு சொன்னா எழுதாதீங்க, கட்டாயம் கெடையாது.

புதுசா வந்தவன்:
நான் ஸ்கூல் சைட் கவுன்சில்ல, அதான் ஒரு ஸ்கூலுக்குள்ள டீச்சர்ஸ், பெத்தவங்க எல்லாம் இருக்குற குழுவுல இருக்கேன், அதுக்கும் பிரவுன் ஆக்டா?

சான்டியாகோ மாமி:
இல்லப்பா, உங்களுக்கு கிரீன் ஆக்ட். கொஞ்சம் லேசான சட்டம், ஆனா 72 மணி நேரம், யாரு வேணா வரலாம், பேசலாம், அதெல்லாம் உண்டு.

புதுசா வந்தவன்:
ஐயையோ. போன மாசம் 4000 டாலர் லைப்ரரி செலவுக்கு வாட்ஸாப்ல "ஓகேவா"ன்னு கேட்டாங்க, எல்லாரும் கட்டை விரல் போட்டோம், நான் ரெண்டு போட்டேன்.

சான்டியாகோ மாமி:
அஜெண்டாவுல இல்லாததை முடிவு பண்ணவே கூடாது, திடீர் அவசரம்னு வந்திருக்கவங்க எல்லாரும் ஒருமனசா ஒத்துக்கிட்டாத் தவிர. அதுவும் மீட்டிங்ல, வாட்ஸாப்ல இல்ல. அடுத்த அஜெண்டாவுல வச்சு ஒழுங்கா ஓட்டு எடுக்கச் சொல்லு.

எடிசன் பக்கத்துக்காரர்:
நியூ ஜெர்சில இந்தப் பாச்சா பலிக்காதுங்க. இங்க மீட்டிங்கைத் தொறந்து வைக்கணும்னு சொல்ற சன்ஷைன் சட்டம் 1975-ல வந்தது, போர்டுல 9 பேருன்னா கமிட்டிக்கு 4 பேரைத்தான் போடுவாங்க, அஞ்சாவது ஆள் உக்காந்தாதான் சட்டம் உள்ள வரும், அதனால அந்த அஞ்சாவது நாற்காலியவே போட மாட்டாங்க. பஸ் ரூட் மாத்துனது அப்படித்தான். கமிட்டில பேசி முடிச்சுட்டு போர்டு மீட்டிங்ல நாலே நிமிஷத்துல ஓட்டு. கதவைத் தட்டுனேன், "சட்டப்படிதான் மூடியிருக்கு"ன்னாங்க, வக்கீல் நண்பன்ட்ட கேட்டா அவனும் அதேதான் சொல்றான். இப்ப போர்டு மீட்டிங்ல கமிட்டி ரிப்போர்ட் வாசிக்கிறப்ப மட்டும் கேள்வி கேட்டுட்டு இருக்கேன்.

பே ஏரியா அப்பா:
அட, நம்மூரு பரவால்ல போல. திருத்துன மீட்டிங் இந்த வியாழன் 6 மணிக்கு. திங்கக்கிழமை 5:40-க்கு அஜெண்டா ஒட்டுனாங்க, வெளிக் கதவுலயே. நான் பார்க்கிங்ல கார்ல உக்காந்து பாத்துட்டுதான் இருந்தேன், மணி தெரியுற மாதிரி போட்டோவும் எடுத்தாச்சு.